எழுத்து ஒழுங்கும் எழுத்தறிவின் நிலைபேறும்

(வயது வந்தோர் கல்விப் பணியாளர் பயிற்சியில் நிகழ்த்தப்பெற்ற உரை)

பூச்சிமருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டப்படும் சீட்டில் சாய்வாக நிறுத்திய ஒரு சதுரம் காணப்படும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களுள் ஒன்று இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு; பச்சை ஓரளவே நஞ்சு. 1971ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகள் செய்த இந்த ஏற்பாடு, எழுத்தறியாத உழவரையும் அவர் குடும்பத்தையும் காக்கும் நோக்குடையது. ஆயினும் நிறத்தின் உதவி ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிலிட்டர் கலப்பது, தெளித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்வது, நஞ்சு உடலில் பட்டால் முதலில் செய்ய வேண்டுவது என்ன என்பவற்றை நிறம் கூறாது. அவற்றை எழுத்து ஒன்றே கூறும். அதுவும் எழுத்தைத் தங்கு தடையின்றிப் படிப்பவருக்கே கூறும்.

எழுத்துகளை அடையாளம் காண்பது ஒரு நிலை. எழுதியதைப் படித்துப் பயன்கொள்வது மற்றொரு நிலை. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை எழுத்தறிவுத் திட்டங்கள் பலமுறை குறைத்து மதிப்பிட்டுள்ளன. அத்தொலைவைக் கடக்க உதவுவது, ஒரு மொழியின் எழுத்துகள் எவ்வெவ்வாறு சேர்ந்து வரும் என்ற ஒழுங்கைக் கற்பவரின் மனம் கைவசப்படுத்திக் கொள்வதாகும். எழுத்துக்கூட்டல் என்று எளிதாகச் சொல்லப்படும் இப்பொருள் பள்ளி ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. வளர்ச்சித் திட்டங்களின் பயனும் இதனைச் சார்ந்தே உள்ளது.

எண்கள் உணர்த்துவது

1951இல் நாட்டின் எழுத்தறிவு விகிதம் 18.3 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இறுதி விவரப்படி அது ஏறத்தாழ 73 விழுக்காடு. அறுபது ஆண்டுகளில் இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் அதே கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர் 25.76 கோடிப் பேர், அவர்களுள் 16.68 கோடிப் பேர் பெண்கள்.

முயற்சிகள் பல மேற்கொள்ளப்பட்டன. 1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேரைக் குறியாகக் கொண்டது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. 1990இல் எர்ணாகுளம் மாவட்டமும் 1991இல் கேரள மாநிலமும் முழு எழுத்தறிவு பெற்றவையாக அறிவிக்கப்பட்டன. 2009இல் சாக்ஷர் பாரத் தொடங்கி 2018 வரை நடந்தது, அதன்வழி 7.64 கோடிப் பேர் தேறியதாகச் சான்றளிக்கப்பட்டனர். 2022-23 முதல் 2026-27 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் புதிய இந்திய எழுத்தறிவுத் திட்டம் 1,037.90 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 5 கோடிப் பேரை இலக்காகக் கொண்டு வகுக்கப்பட்டது.

இவ்வாறு தேறியவர்கள் சில ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறார்களா என்பதே இங்கு முதன்மையான கேள்வி. பெற்ற எழுத்தறிவு பயன்படுத்தப்படாவிடில் தேய்ந்துபோகும் என்பதைக் களப்பணியாளர் அனைவரும் அறிவர். பொறிகளுக்குத் தேய்மானம் கணக்கிடும் பொருளியல், மனித அறிவாகிய மூலதனத்துக்கும் தேய்மானம் உண்டு என்பதை மறத்தலாகாது.

எழுத்து மயக்கம் என்னும் ஒழுங்கு

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. இவற்றைத் தனித்தனியே கற்றவர் தமிழைப் படித்துவிடுவார் என்று தோன்றலாம். ஆனால் எழுத்துகள் சொல்லில் மனம்போனபடி வந்து அமர்வதில்லை. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது இறுதியில் வரும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதற்கெல்லாம் வரையறை உண்டு. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே இவ்வரையறைகளைக் கூறுகிறது. மெய்கள் தம்முள் கூடி நிற்கும் முறைக்கு இலக்கணத்தார் இட்ட பெயர் மெய்ம்மயக்கம்.

இன்று பேச்சில் நகரமும் னகரமும் ஒரே ஒலியாகவே கேட்கின்றன. ணகரமும் பலர் வாயில் அவற்றோடு கலந்துவிடுகிறது. காதை மட்டும் நம்பினால் மூன்றையும் பிரிக்க இயலாது. ஒழுங்கு துணைக்கு வருகிறது. தகரத்துக்கு முன் நகர மெய் வரும்: பந்து, சந்தை. டகரத்துக்கு முன் ணகர மெய் வரும்: வண்டி, தொண்டு. றகரத்துக்கு முன் னகர மெய் வரும்: கன்று, நன்றி. சொல்லின் முதலில் வருவது நகரமே. னகரமும் ணகரமும் அங்கு வருவதில்லை. இந்த நான்கைந்து செய்திகளை மனம் ஏற்றுக்கொண்டால் பல்லாயிரம் சொற்களில் ஐயம் தீர்ந்துவிடும். எஞ்சுவன மனம்–மணம், பனி–பணி போன்றவை. இவற்றுக்கு விதி இல்லை. சொல்லோடு சொல்லாகப் பழகித்தான் அறிய வேண்டும்.

எனவே எழுத்துக்கூட்டல் அறிவு மூன்று அடுக்குகளை உடையது. முதலாவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு. இரண்டாவது, எழுத்துகள் சேரும் ஒழுங்கு. மூன்றாவது, தனிச்சொற்களின் வடிவம். முதல் அடுக்கை ஆசிரியர் கற்பிக்கிறார். மூன்றாவது, சொற்களை மீண்டும் மீண்டும் கண்டு பழகுவதால் வருகிறது. இரண்டாவது அடுக்கே பெரும்பாலும் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

நாட்டின் பல எழுத்துமுறைகள்

இந்திய எழுத்துமுறைகளுள் பெரும்பாலானவை பிராமியிலிருந்து கிளைத்தவை. மெய்யோடு உயிரைக் குறியாகச் சேர்த்து ஓர் அலகாக எழுதுவது அவற்றின் பொதுத்தன்மை. ஆயினும் கற்பவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனிச் சிக்கலை வைக்கிறது.

தேவநாகரியில் குற்றிகரக் குறி மெய்க்கு இடப்புறம் எழுதப்படும். ஒலிப்பதோ மெய்க்குப் பின். கண் காணும் வரிசையும் வாய் ஒலிக்கும் வரிசையும் இங்கு மாறிநிற்கின்றன. இத்தகைய குறி வாசிப்பைத் தாமதப்படுத்துவதை ஜோத்ஸ்னா வைத், ஆசும் குப்தா ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகளும் இவ்வாறே முன்னே நிற்பதால் தமிழ்க் குழந்தைகளுக்கும் இது புதிதன்று. இந்தியில் மற்றோர் ஒழுங்கும் உண்டு. கமல் என்னும் பெயர் க, ம, ல என மூன்று அகர எழுத்துகளால் எழுதப்படும்; ஒலிக்கும்போது ஈற்றகரம் மறையும். எந்த அகரத்தை ஒலிப்பது, எதனை விடுவது என்பதை இந்தி கற்பவர் பழக்கத்தால் உணர்கிறார்.

வங்காளியில் இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் தனித்தனி எழுத்துகள் இருந்தும் பேச்சில் நீட்டல் வேறுபாடு இல்லை. அதனால் அங்கு மாணவர் பிழைகளுள் குறில்–நெடில் மயக்கம் மிகுதி. உருதுவில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மேலும் ஸகர ஒலிக்கு மூன்று எழுத்துகளும் இசட் ஒலிக்கு நான்கு எழுத்துகளும் உள; சொல்லின் பிறப்பு அறிந்தோரும் சொல்லைக் கண்டு பழகியோருமே அவற்றைச் சரியாக எழுதுவர். சந்தாலி மொழிக்கு 1925இல் பண்டிட் ரகுநாத் முர்மு வகுத்த ஒல் சிக்கி எழுத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்கும். அதன் எழுத்துகள் முப்பதே.

எழுத்தின் தொகை மிகுந்தால் கற்கும் காலமும் நீளும். கன்னடம் பயிலும் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிசெய்தது. கூட்டெழுத்துகள் உள்ளிட்ட எழுத்துத் தொகுதியைக் குழந்தைகள் முழுவதும் கைவசப்படுத்துவது நான்காம் வகுப்பிலும் முடியாமல் நீள்கிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை வைத்து வகுத்த கால அளவை இந்திய மொழிகளுக்கு அப்படியே பொருத்துவது தவறு என்பது இதனால் பெறப்படும்.

மனம் கற்கும் விதம்

ஒழுங்கை மனம் எவ்வாறு கற்கிறது என்பதற்கு அண்மைக்கால உளவியல் தெளிவான விடை தந்துள்ளது. 1996இல் அமெரிக்காவில் ஜெனி சாஃப்ரானும் உடன் ஆய்வாளரும் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளின் தொடரை இரண்டு நிமிடம் கேட்கச் செய்தனர். எந்த அசையை அடுத்து எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதைக் குழந்தைகள் உணர்ந்துகொண்டன. எவரும் கற்பிக்காமலே மனம் அடுத்தடுத்து வருவனவற்றை எண்ணிக் கணக்கு வைக்கிறது.

எழுத்திலும் இதுவே நிகழ்கிறது. பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடத்தி 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பொய்ச்சொற்களைக் காட்டி எது சொல் போலத் தோன்றுகிறது என்று கேட்டனர். இரட்டித்த மெய் சொல்லின் முதலில் வருவதைவிட இடையில் வருவதையே குழந்தைகள் ஏற்றனர். பிரெஞ்சில் என்றும் இரட்டிக்காத மெய்களை வைத்துக் கேட்டபோதும் விடை அதுவே. இவ்விதியை அவர்கள் பாடமாகப் படித்ததில்லை. படித்த பக்கங்களிலிருந்து தாமே திரட்டிக்கொண்டனர்.

ஆனால் இதிலிருந்து, எழுத்தைக் கண்முன் வைத்தால் போதும் என்ற முடிவுக்கு வருவது பிழை. ரூபாய் நோட்டின் பின்புறப் பட்டியில் 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதப்பட்டுள்ளது. இந்தியும் ஆங்கிலமும் தனி. நாள்தோறும் கோடிக்கணக்கானோர் கையில் புழங்கும் அந்த எழுத்துகளிலிருந்து எவரும் ஒரு புதிய எழுத்துமுறையைக் கற்றுவிடவில்லை. நோட்டின் நிறமும் அளவும் மதிப்பைக் கூறிவிடுவதால் எழுத்தை நோக்கும் தேவை எழவில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். சொல் பழகிய சொல்லாக இருக்க வேண்டும். கவனம் எழுத்தின் மேல் செல்ல வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்திலேயே மனத்தின் கணக்கு தொடங்குகிறது.

பிழைகள் கூறும் செய்தி

மையத்தில் கற்பிப்பவருக்கு இதனால் நேரடிப் பயன் உண்டு. ஒருவர் "வன்டி" என்று எழுதுகிறார். மற்றொருவர் மணியை "மனி" என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே வகைப் பிழைபோல் தோன்றும். உண்மையில் அவை வேறு. முதலாமவர் ஒழுங்கை இன்னும் பற்றவில்லை. அவருக்கு வண்டி, நண்டு, தண்டு, சுண்டல் என ஒரே வகைச் சொற்களை அடுக்கிக் காட்டினால் போதும், அந்த வகை முழுவதும் திருந்திவிடும். இரண்டாமவருக்கு அடுக்கு உதவாது. மணி என்ற அச்சொல்லைப் பலமுறை வாசிப்பில் சந்திக்க வேண்டும்.

அமெரிக்காவில் சார்லஸ் ரீட் 1971இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி செல்லாக் குழந்தைகள் தாமாக எழுதிய பிழைகளில் ஒரு முறைமை இருப்பதைக் காட்டியது. "ட்ரக்" என்னும் சொல்லின் தொடக்கம் அவர்கள் காதில் சகரம் கலந்து ஒலித்ததால் அவ்வாறே எழுதினர். பிழை அறியாமையின் அடையாளம் மட்டுமன்று. கற்பவர் எதுவரை வந்துள்ளார் என்பதன் அளவும் ஆகும். அதிலும் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி கூலிவேலை முடித்து வந்து எழுதும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது அவரை மையத்துக்கு வராமல் செய்யும் உறுதியான வழி.

வேகமும் நினைவும்

தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த தேர்ச்சி அளவு, வாய்விட்டு நிமிடத்துக்கு 30 சொற்களும் மனத்துக்குள் 35 சொற்களும் படிப்பது. பார்த்து நிமிடத்துக்கு 7 சொற்களும், சொல்லக் கேட்டு 5 சொற்களும் எழுதுவது. 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் குறித்த அளவு நிமிடத்துக்கு 60 சொற்கள்.

30 சொல் வேகத்தில் படிப்பவருக்கு 15 சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம் அரை நிமிடம் எடுக்கும். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் நினைவில் மங்கியிருக்கும். கடன் பத்திரத்தின் வாக்கியங்களோ 15 சொற்களில் முடிவதில்லை. எனவே தேர்ச்சிச் சான்று பெற்ற பின்னும் அவர் பத்திரத்தைப் பிறரிடம் கொடுத்தே படிக்கச் சொல்வார். படித்துச் சொல்பவர் நேர்மையானவராக இருப்பார் என்று நம்புவார். கையெழுத்து இடத் தெரிந்ததால் அவர் காப்பாற்றப்படவில்லை. ஒரு வகையில் கைநாட்டைவிட இது இடர் மிகுந்தது. கையெழுத்திட்டவர் படித்தே ஒப்பினார் என்று உலகம் கொள்ளும்.

வேகம் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒலித்துக் கூட்டுவதால் வருவதன்று. சேர்ந்து வரும் எழுத்துகளைக் கண் ஒரு தொகுதியாகக் கொள்ளும்போதே வருகிறது. மேலே கூறிய இரண்டாம் அடுக்கின் பயன் இதுவே.

முதலீடும் இழப்பும்

புதிய இந்திய எழுத்தறிவுத் திட்டத்தின் மதிப்பீட்டை அதன் இலக்கால் வகுத்தால் ஒருவருக்கு ஆகும் செலவு 208 ரூபாய்க்கும் குறைவு. தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு நடப்பதால் செலவு இவ்வளவு சிறிது. ஆனால் அரசு இடும் தொகை மட்டும் முதலீடு ஆகாது. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடத்திட்டம் ஏறத்தாழ 200 மணி நேரத்தைக் கற்பவரிடம் வேண்டியது. எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் அது 25 நாள் உழைப்பு. ஏழை ஒருவர் தம் ஓய்விலிருந்து எடுத்துக் கொடுக்கும் இந்த 25 நாளே திட்டத்தின் பெரிய முதலீடு. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அது காட்டப்படுவதில்லை. அவர் கற்றது இரண்டாண்டில் மறைந்துபோனால் அரசு இழப்பது சிறிது. அவர் இழப்பது பெரிது. தம்மால் இயலாது என்ற எண்ணமும் அவர் மனத்தில் நிலைத்துவிடும்.

இயலாமை என்பது உண்மையன்று. கேரளத்தின் கார்த்தியாயனி அம்மா 2018இல் தம் 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். பின்னர் நாரி சக்தி விருதும் பெற்றார். வயது வந்தோர் மனம் புதிய எழுத்துகளைக் குழந்தையினும் மெதுவாகவே பழகும் என்பது மெய்தான். ஆதலால் அவர்களுக்கு வேண்டுவது கூடுதல் வாசிப்பு. நடைமுறையில் அவர்களுக்குக் கிடைப்பதோ குறைந்த வாசிப்பு.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம், 30 சொல் வேகத்திலேயே படித்தாலும், ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கண்முன் செல்லும். ஒழுங்கை மனம் திரட்டிக்கொள்ள அது நல்ல அளவு. அந்த ஒரு லட்சம் சொற்களை எங்கிருந்து வழங்குவது என்பதே திட்டமிடுவோர் முன் உள்ள வினா.

செய்யத்தக்கன

ஒரு வழியை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்தார். தொலைக்காட்சியில் வரும் திரைப்பாடல்களின் அடியில் அப்பாடல் வரிகளை அதே மொழியில் எழுத்தாகக் காட்டுவது அது. 1999இல் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியிலும் 2002இல் தூர்தர்ஷனின் சித்ரஹார் நிகழ்ச்சியிலும் இது நடைமுறைக்கு வந்தது. மேலே கூறிய மூன்று நிபந்தனைகளும் இங்குப் பொருந்துகின்றன. பாடல் மனப்பாடமானது, ஆகவே அடுத்த சொல் முன்னரே தெரியும். ஒலியும் எழுத்தும் ஒரே கணத்தில் வருகின்றன. பாடும் ஆவல் கண்ணை எழுத்தின் மேல் வைக்கிறது. வகுப்பறையும் வேண்டா, ஆசிரியரும் வேண்டா. ஆகும் செலவும் சிறிது.

இரண்டாவது, எழுத்துமுறையில் உள்ள விலக்குகளைக் குறைப்பது. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் ஆணை 13 உயிர்மெய் எழுத்துகளின் வடிவைச் சீராக்கியது. ணா, றா, னா, லை, ளை போன்றவை பிற எழுத்துகளின் வழியே எழுதப்படலாயின. 1971இல் கேரளம் செய்த சீர்திருத்தம் தொள்ளாயிரத்தை ஒட்டியிருந்த மலையாள அச்செழுத்துகளை நூற்றுக்கும் கீழே கொண்டுவந்தது. கணினி எழுத்துருக்கள் வந்தபின் பழைய வடிவங்கள் பல மீண்டும் வழங்கலாயின. அச்சுக்கு எளிது என்பதும் கற்பவர்க்கு எளிது என்பதும் எப்போதும் ஒன்றல்ல. எனினும் ஒரே ஊரில் பாடநூல் ஒரு வடிவிலும் பெயர்ப்பலகை வேறு வடிவிலும் இருந்தால் புதிதாகக் கற்பவரே முதலில் திகைப்பார்.

மூன்றாவது, பாடநூல்களின் சொல்லமைப்பு. எழுத்து வரிசைப்படி பாடம் அமைப்பதைவிட, மிகுதியாக வரும் எழுத்துகளை முதலிலும் அரியவற்றைப் பின்னும் வைத்து, ஒரே ஒழுங்கில் அமைந்த சொற்களைக் கூட்டமாகத் தருவது பயன் மிகுதி. நடைமுறையில் வாராத ஙௌ போன்ற எழுத்துகளுக்கு முதல் மாதத்தைச் செலவிடுவது 200 மணி நேரமே உடையவருக்குச் செய்யும் தீங்கு.

நான்காவது, அரசின் சொந்த எழுத்து. விண்ணப்பப் படிவம், மானிய அறிவிப்பு, வங்கிச் சீட்டு, மருந்துத் தாள் ஆகியவை புதிதாகக் கற்றோர் நாள்தோறும் காணத்தக்க வாசிப்புப் பொருள்கள். அவை குறுகிய வாக்கியங்களில், பெரிய எழுத்தில், வழக்குச் சொற்களில் அமைந்தால் ஒவ்வொரு படிவமும் ஒரு பாடமாகும். இதற்குத் தனி ஒதுக்கீடு தேவையில்லை; படிவத்தை எழுதும் அலுவலர், படிப்பவரை நினைத்து எழுதினால் போதும்.

ஐந்தாவது, மதிப்பீட்டின் காலம். படிப்பு முடிந்த நாளில் தேர்வு வைத்துச் சான்றளிப்பதோடு திட்டத்தின் கணக்கு முடிந்துவிடக் கூடாது. இரண்டாண்டுகள் கழித்து, தேறியோருள் எத்தனை பேர் ஓர் அறிவிப்பைப் படித்துப் பொருள் சொல்கின்றனர் என்று பார்ப்பதே உண்மையான அளவு. அணை கட்டி முடிந்த நாளில் கணக்கை மூடுவதில்லை. பாசனம் பெற்ற நிலத்தைக் கொண்டே அதன் பயன் மதிக்கப்படுகிறது. எழுத்தறிவுக்கும் அந்த அளவுகோலே வேண்டும்.

மையங்களில் பணிபுரிவோர் இதற்கெல்லாம் மேலிட ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளை மாலை வகுப்பு முடியும்போது, கற்பவர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு தாள் கொடுக்கலாம். அதில் அவர்கள் அறிந்த பாட்டோ, ஊர்ச் செய்தியோ, உரக்கடை விலைப்பட்டியலோ இருக்கட்டும். மறுநாள் அதைப் படித்துக்காட்டச் சொல்லலாம். பூச்சிமருந்துச் சீட்டில் உள்ள அளவைத் தாமே படித்துக் கலக்கும் நாள் வரை அந்தத் தாள்கள் தொடர்ந்து செல்ல வேண்டும்.